மாட்டுவண்டிக் கணக்கும் படகுக் கணக்கும்: ஹவுரா பாலத்தின் இன்னொரு வரலாறு

ஹவுரா பாலத்தைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வந்து விழுவது ஒரே வாக்கியம்தான்: "அதுல ஒரு நட்டு போல்ட்டு கிடையாது, தெரியுமா?" உண்மைதான். முழுக்க ரிவெட் அடித்து இணைத்த பாலம் அது. 26,500 டன் எஃகு. இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 1,500 அடி. அந்த 1,500 அடியில் ஆற்றுக்குள் ஊன்றிய தூண் ஒன்றுகூட இல்லை. திறக்கப்பட்ட காலத்தில் அந்த வகைப் பாலங்களில் உலகிலேயே மூன்றாவது நீளமானது. பொது அறிவுப் புத்தகமானாலும் சரி, சுற்றுலாக் கையேடானாலும் சரி, இந்தப் பட்டியலைத் தாண்டுவதில்லை. எஃகின் எடை, கோபுரத்தின் உயரம், செலவான தொகை. பாலத்தின் வரலாறு என்று சொல்லிக்கொண்டு பாலத்தின் உடம்பைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் நடந்தவர்கள் யார், அதன் வாசலில் காத்துக் கிடந்தவர்கள் யார், அது எழும்பிக்கொண்டிருந்தபோது ஆற்றில் வேறு என்னென்ன நடந்தது என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இந்தக் கட்டுரை வேறு இரண்டு கணக்குகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒன்று, 1906-இல் எடுத்த மாட்டுவண்டிக் கணக்கு. மற்றது, 1942-இல் எடுத்த படகுக் கணக்கு. முதல் கணக்கிலிருந்துதான் புதுப் பாலத்துக்கான பேச்சு உருப்பெற்றது. இரண்டாவது, பாலத்தின் வேலை முடிந்த அதே ஆண்டில், அதே அரசு எடுத்த கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. பொறியியல் வரலாறு எழுதுகிறவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பஞ்சத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். நடுவில் இருக்கிற ஆறு யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது.

*

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ரயில் கல்கத்தாவுக்குப் போவதில்லை. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவில் நின்றுவிடுகிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே ஆறு, ஆற்றுக்கு அப்பால் மாநகரம். 1854 ஆகஸ்ட் 15 அன்று கிழக்கிந்திய ரயில்வே தன் முதல் வண்டியை ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு விட்ட நாளிலிருந்து இதுதான் நிலைமை. நிலக்கரி, தானியம், சணல், கூலியாட்கள், துரைமார் எல்லாரும் எல்லாமும் வடமேற்கிலிருந்து வந்து இந்தக் கரையில் இறங்கி, படகேறி அந்தக் கரைக்குப் போக வேண்டும். ரயில் மணிக்கணக்கை நிமிஷக்கணக்காக்கிக் கொண்டுவந்த நேரத்தை இந்த ஆறு விழுங்கியது. மூலதனத்துக்கு இது பொறுக்குமா?

1862-இல் வங்காள அரசு அந்த ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் டர்ன்புல்லிடம் பாலம் சாத்தியமா என்று கேட்டது. கல்கத்தாவில் வேண்டாம் என்றார் அவர். அடியில் சேறு ஆழமாகக் கிடக்கிறது, கப்பல் போக்குவரத்துக்கும் இடைஞ்சல், வடக்கே 12 மைல் தள்ளிப் பல்தா துறையில் நல்ல களிமண் படுகை இருக்கிறது, அங்கே கட்டலாம் என்றார். யாரும் கட்டவில்லை. பாலம் தேவைப்பட்ட இடம் பல்தா அல்ல, படா பஜார். வியாபாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாலம் வேண்டும்.

1871-இல் ஹவுரா பாலச் சட்டம் வந்தது. பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற பொறியாளர் மிதவைப் பாலம் ஒன்றை வடிவமைத்தார். பாகங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பூட்டிக்கொண்டிருக்கும்போதே, 1874 மார்ச் 20-ஆம் தேதிப் புயலில் 'எகீரியா' என்ற நீராவிக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு வந்து மோதியது. மூன்று மிதவைகள் மூழ்கின. ஏறக்குறைய 200 அடி நீளம் சேதம். பாலமும் கப்பலும் முட்டிக்கொள்வதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பழுது பார்த்து அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று திறந்தார்கள். 1,528 அடி நீளம், 62 அடி அகலம், இரு பக்கமும் நடைபாதை. கடப்பதற்குச் சுங்கம்.

இந்த மிதவைப் பாலத்தின் அரசியல் முழுவதும் அதன் நடுப்பகுதியில் இருந்தது. மேலாற்றுக்குக் கப்பல் போக வேண்டுமானால் நடுவில் ஒரு பகுதியைக் கழற்றி ஒதுக்குவார்கள். கப்பல் போகிற வரைக்கும் பாலம் பாலமல்ல. இரண்டு கரையிலும் வண்டிகள், பல்லக்குகள், தலைச்சுமைக்காரர்கள், ரயிலைப் பிடிக்க ஓடி வந்தவர்கள் எல்லாரும் நிற்க வேண்டும். 1906 ஜூனுக்கு முன்பு பகலில் மட்டுமே இப்படித் திறந்தார்கள். அதாவது ஜனங்கள் வேலைக்குப் போகிற, சந்தைக்குப் போகிற அதே பகல். ஆற்றின் குறுக்கே போகிறவர்களுக்கும் ஆற்றோடு போகிறவர்களுக்கும் இடையிலான வழக்கில், முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல் கம்பெனிகளின் பக்கமே தீர்ப்பாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெருங்கடல் கப்பல்கள் தவிர மற்றவற்றுக்கு இரவில் திறக்கிற ஏற்பாடு வந்தது. ஒரு சமூகத்தில் யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கல்கத்தாவில் அது ஆற்றங்கரையிலேயே பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது.

*

1906-இல் துறைமுக ஆணையர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். கிழக்கிந்திய ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஹையட், கல்கத்தா மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர் மெக்கேப் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். பதினாறு நாட்கள் பாலத்தில் போக்குவரத்தைக் கணக்கெடுத்தார்கள். அந்தப் பதினாறு நாட்களில் நெரிசல் மிகுந்த நாள் ஆகஸ்ட் 27. அன்று பாலத்தைக் கடந்த வண்டிகளில் பதின்மூன்றில் எட்டுப் பங்கு மாட்டுவண்டி.

பதின்மூன்றில் எட்டு. நூற்றுக்கு அறுபதுக்கும் மேலே. இந்தப் பின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

நீராவி, தந்தி, டிராம் என்று காலனிய நகரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைக்கும் இந்தப் பின்னத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக அப்போது இருந்த நகரத்துக்கும் அதன் பிரதான ரயில் நிலையத்துக்கும் நடுவில் சரக்கைச் சுமந்தது நீராவி அல்ல, மாடு. மாட்டை ஓட்டியவர் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஐக்கிய மாகாணத்திலிருந்தோ பஞ்சம் பிழைக்க வந்த விவசாயி. சணல் மூட்டையும் துணிப் பொதியும் அவர் கையில்தான் ஆறு கடந்தன. ஆனால் இந்தக் கணக்கில் அவர் இல்லை. வண்டி இருக்கிறது. வண்டிக்காரர் வண்டிக்குள் மறைந்துவிட்டார். வண்டியும்கூட எப்படி இருக்கிறது? அறுபது சதவீதம் சுமக்கிற உழைப்பு என்றா? அறுபது சதவீத இடைஞ்சல் என்றுதான். மெதுவாகப் போகிறது, வழியை அடைக்கிறது, 48 அடி அகலமுள்ள சாலை இதற்குப் போதவில்லை. யார் பெரும்பான்மையோ அவர்களே 'நெரிசல்' ஆகிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு என்பது உள்ளதை உள்ளபடி எண்ணுவது என்று நாம் நம்பிக்கொண்டிருந்ததை ஃபூக்கோவைப் படித்த பிறகு நம்ப முடியவில்லை. எண்ணுவது, எண்ணப்படுகிறவற்றை நிர்வகிக்கத் தோதான பொருளாக ஆக்குவது. அன்றைக்குப் பாலத்தின் வாசலில் நின்று கோடு போட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, பாவம்.

கமிட்டி பல வழிகளைப் பரிசீலித்தது. பெரிய ஃபெரிக் கப்பல்கள், சுரங்கப்பாதை, தூண் பாலம், வில்வளைவுப் பாலம், மறுபடியும் ஒரு மிதவைப் பாலம். ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். சிறந்த வடிவத்துக்கு 3,000 பவுண்டு பரிசு என்றுகூட அறிவித்தார்கள். 23 கம்பெனிகள் வடிவங்களை அனுப்பின. பிறகு முதல் உலகப்போர் வந்தது, கோப்பு தூங்கியது. மிதவைப் பாலத்தையே அங்கங்கே புதுப்பித்து ஓட்டினார்கள்.

அதற்கப்புறம் நடந்தது கமிட்டிகளின் ஊர்வலம். 1921-இல் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒன்று. 1922-இல் புதிய ஹவுரா பாலக் கமிஷன். 1926-இல் புதிய ஹவுரா பாலச் சட்டம். 1930-இல் குட் என்பவர் தலைமையில் இன்னொன்று. ஆற்றுக்குள் தூண் ஊன்றினால் வண்டல் படிந்து துறைமுகம் தூர்ந்துபோகும் என்ற பயம் கடைசி வரை இருந்தது. தூணே இல்லாத பாலம் என்ற 'அதிசயம்' அழகுணர்ச்சியில் பிறந்ததல்ல, துறைமுகத்தின் நலனில் பிறந்தது. வடிவமைப்பு லண்டனின் ரெண்டல், பால்மர், டிரிட்டன் நிறுவனத்தின் கைக்குப் போனது.

1930 என்றேனே, அந்த ஆண்டில் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. கோடையின் உச்சி வெயிலில் வண்டிமாடுகளை ஓட்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. மாட்டின் மேல் இரக்கம். நல்லதுதான். ஆனால் பகலில் சில மணி நேரம் வண்டி நின்றால் வண்டிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாதே, அதற்கு இரக்கப்பட யாரும் இல்லை. ஏப்ரலில் கல்கத்தா வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகள் முன்னின்ற சங்கம் அது. வண்டிகளையே குறுக்கே போட்டுத் தெருக்களை மறித்தார்கள். போலீஸ் சுட்டது. 1906-இல் கமிட்டி எண்ணிய அதே வண்டி, 24 வருஷம் கழித்துத் தானாகவே நின்று, 'இடைஞ்சல்' என்று தனக்கு வைத்த பெயரை நிஜமாக்கிக் காட்டியது. அதே ஆண்டில் இன்னொரு அறையில் கமிட்டி, பாலத்துக்குத் தூண் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் வரலாறு என்று அச்சில் வந்திருப்பவை இந்த அறையைப் பற்றிப் பேசுகின்றன. அந்தத் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை.

*

1935-இல் சட்டம் திருத்தப்பட்டது, அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. குறைந்த விலைக்குக் கேட்டது ஒரு ஜெர்மன் கம்பெனி என்றும், ஜெர்மனியோடு உறவு கசந்துகொண்டிருந்ததால் அதற்குத் தரவில்லை என்றும் சொல்வார்கள். ஒப்பந்தம் இங்கிலாந்தின் கிளீவ்லாண்ட் கம்பெனிக்கு. எஃகை வெட்டி இணைத்து நிறுத்தும் வேலை கல்கத்தாவிலிருந்த பிரெய்த்வெய்ட், பர்ன், ஜெஸ்ஸாப் கூட்டுக்கு.

வேலையின் கடினமான பகுதி கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். கோபுரங்களுக்கு அடியில் இரண்டு பெரிய பெட்டக அஸ்திவாரங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், உள்ளே 21 கிணறுகள். கிணறுகளின் வழியாகச் சேற்றைத் தோண்டி எடுக்க எடுக்கப் பெட்டகம் தன் எடையாலேயே கீழே இறங்கும். ஒரு நாளைக்கு ஓர் அடி, சில நாள் அதற்கு மேல். இரவு பகலாக வேலை. கல்கத்தா பக்கம் 100 அடிக்கும் மேலே இறக்கினார்கள், ஹவுரா பக்கம் 87 அடி. அழுத்தப்பட்ட காற்றுக்குள் இறங்கி வேலை செய்வது உடம்பைக் கொல்லுகிற வேலை என்பது புரூக்ளின் பாலம் கட்டிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அதில் இறங்கியவர்களின் பெயர்கள் பாலத்தின் எந்தப் பலகையிலும் இல்லை. ஒரு நாள் இரவு அடிமண் நெகிழ்ந்து அந்தப் பெட்டகம் மொத்தமாக இரண்டடி கீழே விழுந்தது. கிதிர்பூரிலிருந்த நிலநடுக்கக் கருவி அதைப் பூகம்பம் என்று பதிவு செய்தது. கரையிலிருந்த ஒரு கோவில் இடிந்தது. பிறகு அதைக் கட்டிக்கொடுத்தார்கள்.

தோண்டிய சேற்றிலிருந்து நங்கூரங்கள், பீரங்கிகள், குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கம்பெனி காலத்து நாணயங்கள் எல்லாம் வந்தன. கம்பெனி ஆட்சியின் மொத்த வரலாறும் சேற்றோடு சேறாக மேலே வந்தது என்று கவிதையாக எழுதலாம். எனக்கு அந்தப் பித்தளைப் பாத்திரங்கள்தான் மனசில் நிற்கின்றன. பீரங்கி யாருடையது என்று தெரியும். பாத்திரம் யார் வீட்டுப் பாத்திரமோ.

போர் தொடங்கியதும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய எஃகு நின்றுபோனது. சுமார் 3,000 டன் மட்டும் வந்து சேர்ந்தது. மீதி ஏறத்தாழ 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரில் டாட்டா வார்த்துக் கொடுத்தது. இதற்கென்றே 'டிஸ்கிராம்' என்ற உயர்வலு எஃகு. சுதேசிப் பெருமிதம் இந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கிலாந்து கைவிட்டபோது இந்திய எஃகு கைகொடுத்தது என்கிற கதை. கதை பொய்யில்லை. ஆனால் காலனிய அரசின் திட்டத்தை இந்திய முதலாளி நிறைவேற்றிக் கொடுத்ததைத் தேச விடுதலையின் முன்னோட்டமாக வாசிக்கச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

*

இனி இரண்டாவது கணக்கு.

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. அகதிகள் நடந்தும் கப்பலேறியும் வந்தார்கள். அதில் தமிழர்கள் நிறையப் பேர். கல்கத்தா வரை வந்து, ஹவுராவில் மதராஸ் ரயிலைப் பிடித்து ஊர் திரும்பிய குடும்பங்களின் கதைகள் தஞ்சாவூரிலும் ராமநாதபுரத்திலும் இன்னும் வழங்குகின்றன. அவர்கள் கடந்தது 68 வருஷப் பழசான மிதவைப் பாலத்தை. சற்றுத் தள்ளி, வேலை முடியும் தறுவாயில், புதுப் பாலம் தலைக்கு மேல் எழும்பி நின்றிருக்கும்.

அதே வசந்தத்தில் வங்காள அரசு 'மறுப்புக் கொள்கை' என்று ஒன்றை நடைமுறைப்படுத்தியது. ஜப்பான் கடலோரமாக இறங்கினால் அதன் கைக்கு அரிசியும் வாகனமும் கிடைக்கக்கூடாது. ஆகவே கடலோர மாவட்டங்களில் 'உபரி' அரிசியை எடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறக்கூடிய படகுகளை எடு, அல்லது உடை. படகுகளைப் பதிவு செய்தார்கள். 66,500-க்கும் மேல் பதிவானது. சில மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. சுமார் 45,000 படகுகள். எரித்தார்கள், மூழ்கடித்தார்கள், ஓரிடத்தில் குவித்து மக்கிப்போக விட்டார்கள். பல இடங்களில் சைக்கிளையும் விடவில்லை.

கீழ்வங்காளத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தெரு என்பது தண்ணீர். ஆற்றின் முகத்துவாரத் தீவுகளில் நிலம் வைத்திருக்கிறவர் படகில்தான் நாற்று நடப் போவார், படகில்தான் அறுத்துக்கொண்டு வருவார். மீனவருக்குப் படகு இல்லாவிட்டால் தொழில் இல்லை. குயவர் பானையைச் சந்தைக்குக் கொண்டுபோவது படகில். விதைநெல் வருவது, டாக்டரிடம் போவது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போவது எல்லாம் படகு. படகைப் பிடுங்குவது அவர்களின் கைகாலை வெட்டுவது போல என்று காந்தி அப்போதே 'ஹரிஜன்' இதழில் எழுதினார். படகுக்கு இழப்பீடு தருகிறோம் என்றது அரசு. மரத்துக்கு விலை போடலாம். மரம் போய்வந்த வழிக்கு என்ன விலை போடுவது?

1942 ஆகஸ்டில் ஹவுரா பாலத்தின் கட்டுமானம் முடிந்தது. அக்டோபர் 16 அன்று மிதுனாபூர்க் கடலோரத்தைப் புயலும் கடல்நீரும் அடித்தன. அரசுக் கணக்கிலேயே 14,000-க்கு மேற்பட்ட மனித உயிர். வெள்ளையனே வெளியேறு இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த ஜில்லா என்பதால் அங்கே நிவாரணத்துக்கு முன்னால் அடக்குமுறை போய்ச் சேர்ந்திருந்தது. டிசம்பரில் கல்கத்தாமேல் ஜப்பான் குண்டு போட்டது. நகரமே காலியாகி ஓடியது. 1943 பிப்ரவரி 3 அன்று புதிய ஹவுரா பாலத்தைத் திறந்தார்கள். ஆறு வருஷ வேலை, இரண்டரைக் கோடி ரூபாய்ச் செலவு. விழா கிடையாது, பேச்சு கிடையாது. விமானத் தாக்குதல் பயம். தன்னந்தனியாக ஒரு டிராம் வண்டி முதலில் கடந்து போனது.

கல்கத்தா மொத்த விலையில் ஒரு மணங்கு அரிசி 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மார்ச் மத்தியில் 21 ரூபாய். மே மாதம் 30-ஐத் தாண்டியது. பாலம் திறந்தது இந்த முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் நடுவில். பாலத்தின் பிறந்த தேதியை இப்படியும் சொல்லலாம்.

*

இப்போது ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "பாலத்துக்கும் பஞ்சத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்தா முடிச்சுப் போட்டுடுறதா?"

பாலம் பஞ்சத்தை உண்டாக்கவில்லை. படகு அழிப்பு மட்டுமே உண்டாக்கியது என்றும் சொல்ல முடியாது. பர்மா அரிசி நின்றது, போர்ச் செலவினால் விலை ஏறியது, வியாபாரிகளின் பதுக்கல், மாகாணங்கள் தானியத்தை வெளியே விட மறுத்தது, லண்டன் கப்பல் தர மறுத்தது என்று காரணங்கள் நீளம். அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூல், அரிசி இல்லாததைவிட அரிசியை வாங்கும் உரிமை சில பிரிவினருக்கு இல்லாமல் போனதுதான் முக்கியம் என்று வாதிட்டது. அதில் அதிகம் அடிபட்டவர்கள் பட்டியலில் மீனவர், படகு உள்ளிட்ட போக்குவரத்துத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். படகுக் கணக்கு அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது.

பாலத்தை ஏதோ சதியின் சின்னமாகக் காட்டுவதும் என் நோக்கமில்லை. இப்படிக் காட்டப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நியூயார்க்கின் ராபர்ட் மோசஸ், ஏழைகளும் கறுப்பர்களும் வருகிற பஸ் கடற்கரைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே சாலை மேம்பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்று லாங்டன் வின்னர் 1980-இல் எழுதிய கட்டுரை நம்மூர்ச் சிறுபத்திரிகை வட்டாரம் வரை பிரபலம். அந்த உதாரணத்தின் ஆதாரம் பலவீனம் என்று பிறகு பெர்ன்வார்ட் ஜோர்கஸ் 1999-இல் மறுத்தார். பொருளுக்குள் யாருடைய வன்மம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஹவுரா பாலத்தில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவும் இல்லை. நான் கேட்பது வேறு. ஒரே அரசு, ஒரே ஆண்டில், போக்குவரத்து என்ற ஒரே விஷயத்தில் இரண்டு கணக்குப் போடுகிறது. மாநகரத்தையும் ரயிலையும் இணைக்கிற 1,500 அடிக்கு, போர்க்காலப் பஞ்சத்திலும் எஃகு கிடைக்கிறது. மாநகரத்துக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் புழங்கிய தண்ணீர்வழிகள் ஓர் உத்தரவில் அடைபடுகின்றன. எது 'உள்கட்டமைப்பு', எது வெறும் 'நாட்டுப்படகு' என்று பிரிக்கிற பார்வை 1942-இல் திடீரென்று முளைக்கவில்லை. பாலத்தில் போன மாட்டுவண்டியை 'நெரிசல்' என்று எண்ணியபோதே அது தயாராகிவிட்டது.

அந்தப் பிரிவு அரிசியிலும் வந்தது. கல்கத்தாவின் ஆலைகள், துறைமுகம், ரயில்வே, அரசு அலுவலகம் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை வகுப்பு என்று பெயரிட்டு, மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். நகரம் பிழைத்தாக வேண்டும், போர் நடந்தாக வேண்டும். கிராமம் நகரத்துக்கு நடந்து வந்தது. 1943-இன் நடுவிலிருந்து கிராமத்து ஜனங்கள் கல்கத்தாவின் நடைபாதைகளில் வந்து விழுந்தார்கள். சோறு கேட்கவில்லை, கஞ்சித்தண்ணீர் கேட்டார்கள். ஒரு லட்சம் பேர் என்பது குறைந்தபட்ச மதிப்பீடு. ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு அவர்களைத் தெருவிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் முகாம்களில் அடைக்கத் தொடங்கினார்கள். மறுபடியும் பாருங்கள், 'இடைஞ்சல்'. இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசு விசாரணைக் கமிஷன். 30 லட்சம் வரை என்பது பின்னால் வந்த மதிப்பீடு. சைனுல் ஆபிதினும் சித்தப்ரசாத்தும் இந்த மனிதர்களை வரைந்தார்கள். மிதுனாபூரில் பார்த்ததை வைத்துச் சித்தப்ரசாத் கொண்டுவந்த நூலின் பிரதிகளை அரசு பறிமுதல் செய்து அழித்தது.

*

சுதந்திர இந்தியா இந்தப் பாலத்துக்கு 1965-இல் ரவீந்திர சேது என்று பெயர் வைத்தது. ஜனங்கள் ஹவுரா பாலம் என்றுதான் சொல்கிறார்கள். அதே பெயரில் 1958-இல் வந்த இந்திப் படத்துக்குப் பிறகு, கதை கல்கத்தாவுக்கு வந்துவிட்டது என்று காட்ட எல்லா மொழி சினிமாக்காரர்களுக்கும் இது வசதியாகப் போனது. நெரிசல் தாங்காமல் ஹூக்ளியின்மேல் இரண்டாவது பாலம் கட்டத் தீர்மானித்து 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். இருபது வருஷம் இழுத்து 1992 அக்டோபரில் திறந்தார்கள். வித்யாசாகர் சேது. நடுக்கண்ணின் நீளம் 457.2 மீட்டர், அதாவது மறுபடியும் அதே 1,500 அடி. மறுபடியும் சுங்கம். அடுத்த ஆண்டு பழைய பாலத்திலிருந்து டிராமை எடுத்துவிட்டார்கள். 1943-இல் முதலில் கடந்த வாகனம், பாரம் என்று முதலில் வெளியேறியது.

இந்த நூற்றாண்டில் பாலத்தைப் பற்றி அதிகம் அச்சேறிய செய்தி எச்சில். பாலத்தின் சாலைத்தளம் மேலே இருக்கிற சட்டகத்திலிருந்து 78 தொங்குகம்பிகளால் தாங்கப்படுகிறது. நடைபாதை ஓரம் இருக்கிற அவற்றின் அடிப்பகுதியில் ஜனங்கள் வெற்றிலை, பான் மசாலா எச்சிலைத் துப்பித் துப்பி, உறைத்தகடு 6 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்பும் பாக்கும் எஃகை அரிக்கும் என்பது ரசாயனம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதையொட்டி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைப் படித்தால் 1906 கமிட்டி இன்னும் கலையவில்லையோ என்று தோன்றும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வாகனம் போகிற பாலத்தில், அதைவிட அதிகமாகப் போகிறவர்கள் கால்நடையாகப் போகிறவர்கள். தலையில் கூடை, தோளில் மூட்டை, கீழே மல்லிக் படித்துறைப் பூச்சந்தையிலிருந்து மேலேறி வருகிற சாமந்தி மாலைக் கட்டு. வாகனத்தின் எடை பாலத்துக்கு என்ன செய்தது என்று யாரும் கோபப்படவில்லை. எச்சிலுக்குத்தான் கோபம்.

தொங்குகம்பிகளின் அடிக்கு இப்போது ஃபைபர் உறை போட்டிருக்கிறார்கள், கழுவிவிடுவதற்கு வசதி. பாலத்துக்குக் கீழே ஹவுரா படித்துறையிலிருந்து அக்கரைக்கு ஃபெரி போய்க்கொண்டிருக்கிறது. மேலே வண்டிகள் நகராத நாளில் ஆபீசுக்கு நேரமாகிவிட்டவர்கள் படியிறங்கிப் போய் அதில்தான் ஏறிக்கொள்கிறார்கள்.